இடுப்பு வழியே போகும் சேதி

வத்தல்மலையின் பின்சரிவில் பலாக்கொட்டாய் என்று பத்தொன்பது வீடுகள் இருக்கின்றன. தெருவெல்லாம் கிடையாது. ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை போல, ஓடைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி எனத் தள்ளித் தள்ளி நிற்கும். செல்போன் சிக்னல் அங்கே இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை காளியன் குளித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை அது நிற்கவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குக் கீழ்நாட்டிலிருந்து காலேஜ்காரர்கள் சிலர் வந்து, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனார்கள். சோப்புப் பெட்டி அளவு. இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். கூட வந்த சசிகலா டீச்சர்தான் விளக்கினாள்.

“இதுக்கு டவர் கிடையாதுங்க. நீங்கதான் டவர். காளியன் அண்ணன் பொட்டி, ‘கருப்பி அக்கா எங்கே’ன்னு கேக்கும். கிட்டத்துல, மலை மறைக்காம எந்தப் பொட்டி இருக்குதோ அது காதுல வாங்கி, அதுக்குக் கிட்டத்துல இருக்கறதைக் கேக்கும். அப்படியே கேட்டுக் கேட்டுப் போயி, அக்கா பொட்டி ‘இங்க இருக்கேன்’னு சொன்னா, வந்த வழியாவே பதில் திரும்பும். நீங்க நடந்தா வழி அறுந்துடும். பொட்டியே வேற வழி தேடிக்கும்.”

“நடுவுல யாருமே இல்லீன்னா?” என்றான் ஆடு மேய்க்கும் சென்றாயன்.

“அப்பப் போவாதுங்க.”

“எங்க போஸ்ட்மேனும் அப்படித்தான்.”

பெட்டியில் ஒரு சின்னத் திரை, யாருக்கு என்று நம்பர் வைக்க ஒரு திருகு, ஆறு பொத்தான்கள். நலம், வருகிறேன், அங்கேயே இரு, ஆபத்து, தண்ணீர் திறந்தாச்சு, கேதம். ஊரார் அடிக்கடி சொல்லி அனுப்புவது இவ்வளவுதான் என்று அவர்களே கணக்குக் கொடுத்திருந்தார்கள். எந்தச் சேதி வந்தாலும் அனுப்பியவரின் நம்பர் கூடவே வரும். காளியனுக்குப் பதினாலு, அவன் மனைவி கருப்பிக்குப் பதினைந்து. கேதம் மட்டும் எல்லாப் பெட்டிக்கும் போகும், ஆனால் அதற்கு நம்பர் வராது. அது காளியன் பிடித்த பிடிவாதம்.

பலாக்கொட்டாயில் சாவு சொல்லப் போகிறவன், ‘கேதம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பான். செத்தவர் பெயரைத் தானாகச் சொல்லமாட்டான். சொன்னால் அடுத்த சாவுக்கும் அவனே அலைய வேண்டிவரும் என்று பயம். கேட்டவர்தான் யார் என்று விசாரிக்க வேண்டும். விசாரித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

“நம்பராவது இருக்கட்டுங்களே, யாரு வூடுன்னு தெரியுமில்ல?” என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள்.

“வேணாங்க. அடுத்த சாவுக்கும் அலையப் பொட்டிக்கு மட்டும் ஆசையா?” என்றான் காளியன்.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு கிழவி செத்தாள். அந்தக் கேதம் பதினொரு பேர் இடுப்பு வழியாகப் போனது. அதில் ஓர் இடுப்பு காளியனுடையது. மறுநாள் அவன் பசு செத்த கன்றை ஈன்றது.

காளியன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். கேதம் சொல்லப் போகிறவன் வழியில் யார் வாசலையும் மிதிப்பதில்லை. இந்தப் பெட்டியோ அடுத்தவன் இடுப்பையே வாசலாக்கிக் கேதத்தை நுழைத்துக்கொண்டு போகிறது. அவன் பெட்டியை அணைத்தான். அவன் சொல்லை மதித்து மற்றவர்களும் அணைத்தார்கள், அதிலும் பெரியவர் முனியப்பன் படுக்கையில் விழுந்த பிறகு. சென்றாயன் மட்டும் அணைக்கத் தெரியாமல், பெட்டியைத் தன் கிடாவின் கழுத்தில் கட்டிவிட்டான். கிடாவுக்கு ஒப்பாரி வைக்க வேண்டிய சொந்தம் யாரும் இல்லை என்பது அவன் கட்சி.

கருப்பி அணைக்கவில்லை. “செத்த கன்னுக்குட்டிக்குக் காரணம் உன் பொட்டியில்ல, நீ போட்ட தீனி,” என்றாள்.

காளியன் முனியப்பனிடமே போய்க் கேட்டான். “மாமா, தப்பா நெனைக்காதீங்க. என்னைக்குன்னு சொன்னீங்கன்னா, அன்னைக்கு மட்டும் அணைச்சுக்குவோம்.”

பெரியவர் விரல்விட்டு நாள் எண்ணினார். “இந்த வாரம் தோதுப்படாதுடா. புதன்கிழமை பாப்பாரப்பட்டியிலேருந்து கறி வருது.”

புதன்கிழமை கறி வந்தது. பெரியவர் எழுந்து உட்கார்ந்து, எலும்புகூட விடாமல் சாப்பிட்டு, பீடி கேட்டார். ஊர் நிம்மதியாக வேலைக்குப் போனது. ஆனாலும் அணைத்த பெட்டியை யாரும் மறுபடி போடவில்லை.

வியாழக்கிழமை மதியம், காளியன் கருப்பிக்குக் களியும் கீரையும் தூக்கில் எடுத்துக்கொண்டு போனான். அவள் ஓடைக்கு அப்பால், சரிவின் திருப்பத்துக்குப் பின்னால், சாமைக் கொல்லையில் அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடையில் கால் வைத்தபோது, எதிர்க்கரையில் இருந்த பாறை காதை ஆட்டியது.

போன வாரம் கீழே கொல்லைக் காவலுக்குப் படுத்திருந்த ஒருவரைக் கொன்ற ஒற்றைக் கொம்பன் அது. அவரை வாரித் துணியில் கட்டிக் கொண்டுபோனதைக் காளியன் பார்த்திருந்தான். தூக்கு எப்போது கையைவிட்டுப் போனது என்று அவனுக்குத் தெரியாது. ஓடைக்கரையில் ஒரு செங்குத்துப் பாறை உண்டு. குரங்குகள் அதில் ஏறலாமா என்று யோசிக்கும். அதன் உச்சிக்கு வந்துசேர்ந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

யானை அவனைப் பொருட்படுத்தவில்லை. தூக்கை மிதித்து நசுக்கி, களியை எடுத்துத் தின்றது. பிறகு கருப்பி இறங்கிவரும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே, மூங்கில் புதருக்குள் போய் நின்றுகொண்டது. அப்புறம் அது கண்ணுக்கே தெரியவில்லை. ஓடைச் சத்தத்தில் அது மூங்கில் ஒடிப்பதுகூடக் கேட்கவில்லை.

மேலே திருப்பத்தில் வருகிறவளுக்குப் புதர் மட்டும்தான் தெரியும். யானைக்கு முன்னால் இரண்டடியில் வந்த பிறகுதான் யானை தெரியும். சோறு வரவில்லை என்றால் ஒரு மணிநேரம் பார்ப்பாள். அப்புறம் திட்டிக்கொண்டே இறங்குவாள்.

கருப்பி நச்சரித்ததால் பெட்டி இடுப்பில்தான் இருந்தது. போட்டான். அவசரத்தில் முதலில் ‘தண்ணீர் திறந்தாச்சு’ போனது. பிறகு பதினைந்துக்கு ‘ஆபத்து’. பிறகு ‘அங்கேயே இரு’.

‘அருகில் யாரும் இல்லை’ என்றது பெட்டி.

எதிர்ச்சரிவின் நடுவில் அமுதவல்லி அக்கா ராகிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பாறையிலிருந்தும் அவள் தெரிந்தாள், திருப்பத்திலிருந்தும் தெரிவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி நிற்க வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் அந்த மலையில் இல்லை. அவள் இடுப்பில் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரிந்தது. அணைத்து வைத்திருந்தாள். அவள் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பெட்டியைப் போட்டுவிடாதே என்று வீடு தேடிப் போய்ச் சொன்னது காளியன்தான்.

கூப்பிடலாம். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்குமோ என்னவோ, புதருக்குள் இருப்பதற்குக் கேட்கும். காளியன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே கேட்டுப் பார்த்தது. யாரும் இல்லை. யாரும் இல்லை. மணி ஒன்று நாற்பதுக்குத் திடீரென்று ‘1 கை’ என்று காட்டியது, சேதியை வாங்கிக் கடத்த ஒரு பெட்டி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். காளியன் தலையைத் தூக்கிப் பார்த்தான். சென்றாயனின் கிடா திருப்பத்து மேட்டில் ஏறி நின்று, ஏதோ முள்ளைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த நொடி ‘சேர்ந்தது’ என்றது பெட்டி. பின்னாலேயே பதினைந்திலிருந்து ‘நலம்’ வந்தது.

காளியன் அதை இரண்டு தடவை படித்தான். பாறையில் அப்படியே உட்கார்ந்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி வரமாட்டாள்.

கால் மணிநேரம் அந்த நிம்மதி இருந்தது. பிறகு பெட்டி மறுபடியும் கத்தியது.

‘கேதம்.’

முனியப்பனின் வீடு சாமைக் கொல்லைக்கு நேர் மேலே இருந்தது. பெரியவர் கறியைத் தின்றுவிட்டு, வாரத்தை முடிக்காமலேயே கிளம்பிவிட்டார். அவர் வீட்டார் பெட்டியைப் போட்டு அழுத்தியிருக்கிறார்கள். அது கருப்பியின் இடுப்பு வழியாக, கிடாவின் கழுத்து வழியாகக் காளியனின் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. அவன் முதலில் பயந்தது தன் பசுவை நினைத்துத்தான். அந்தப் பயம் முடிவதற்குள் இன்னொரு பயம் வந்து அதை ஓரமாகத் தள்ளியது.

கருப்பி என்ன நினைப்பாள்?

புருஷனிடமிருந்து ஆபத்து என்று வருகிறது. கால் மணிநேரத்தில் கேதம் என்று வருகிறது. யார் என்று நம்பர் இல்லை. நேற்றுத்தான் பெரியவர் எலும்பு கடித்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். விசாரிக்கக் கொல்லையில் ஒரு ஆள் இல்லை.

பெட்டி இன்னொரு தடவை கத்தியது. பதினைந்து: ‘வருகிறேன்.’

காளியன் ‘நலம்’ பொத்தானைக் கட்டைவிரலால் குத்தினான். செத்தவன் நலம் என்று அனுப்பமாட்டான், அது போதும். ‘அருகில் யாரும் இல்லை.’ நிமிர்ந்தான். மேட்டில் முள் இருந்தது, கிடா இல்லை.

கொல்லையிலிருந்து ஓடைக்கு இருபது நிமிஷ நடை. ஓடிவந்தால் பத்து. அவள் ஓடித்தான் வருவாள். அரிவாளைப் போட்டுவிட்டு, செருப்பைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டு, கண் தெரியாமல் வருவாள். புதர் அசையாமல் நின்றது. ‘நலம்.’ யாரும் இல்லை. ‘நலம்.’ யாரும் இல்லை. காளியன் பொத்தானை அழுத்திய அழுத்தில் அதன் எழுத்து அழிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டு நிமிஷம் போனது. மூன்றாவது நிமிஷம் காளியன் எழுந்து நின்றான். சென்றாயன் ஆட்டைக் கூப்பிடுகிற கூப்பாடு ஒன்று உண்டு, மலை முழுக்கத் தெரியும். இரண்டு கையையும் வாயில் குவித்து, தன் தொண்டையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தான்.

“ட்ர்ர்ரியோ... ஓஓ...”

புதர் பிளந்தது. யானை வருவதற்குச் சத்தம் இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். இல்லை. முதலில் தூரத்தில் இருந்தது, பிறகு பாறையடியில் இருந்தது. தும்பிக்கை பாறையைத் தடவிக்கொண்டே மேலே வந்து, அவன் கால் கட்டைவிரலுக்கு ஒரு முழம் கீழே நின்று மூச்சு விட்டது. களி வாசனை அடித்தது. காளியன் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டான். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

கிடா மேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தது. யானை பிளிறியது. கிடா, வந்ததைவிட வேகமாக அடுத்த மலைக்குப் போய்விட்டது. அதை மூன்றாம் நாள் கம்பைநல்லூர் பக்கம் பிடித்தார்கள் என்பார்கள்.

காளியன் கண்ணை மூடிக்கொண்டான். திருப்பத்தில் அவள் அழுகை கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். அப்போதுதான் உள்ளங்கையில் பெட்டி துடித்தது.

‘1 கை.’

எதிர்ச்சரிவில் அமுதவல்லி நிமிர்ந்து நின்றிருந்தாள். பிளிறல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பாறையும், மேலே ஆளும், கீழே யானையும் தெரிந்திருக்கின்றன. பெட்டியை இடுப்பிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள், கோயிலில் கரகம் எடுப்பதுபோல. போட்டதுமே அவளுக்கும் கேதம் வந்திருக்கும். இந்நேரம் கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டு மேலே போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை.

‘நலம்’ என்று அழுத்தினான். ‘1 கை’ என்றது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கருப்பி எங்கேயாவது மரத்தின் மறைவில் இருப்பாள். யானை பாறையில் முதுகைத் தேய்த்தது. பாறை லேசாக ஆடியது என்பது காளியனின் வாக்குமூலம்.

‘சேர்ந்தது.’

அவன் அதை நம்பவில்லை. மறுபடியும் ‘நலம்’ அனுப்பினான். மறுபடியும் சேர்ந்தது. பதில் இல்லை. மறுபடியும் அனுப்பினான். வெகுநேரம் கழித்துப் பதினைந்திலிருந்து வந்தது: ‘அங்கேயே இரு.’

இருந்தான். சரிவில் அமுதவல்லியும் இருந்தாள். சாவு வீட்டில் பறை கேட்க ஆரம்பித்தது. ஊரெல்லாம் மேலே ஏறிப் போனது. அவள் மட்டும் கையை இறக்காமல் நின்றாள். வலித்தால் ஒரு கையை மாற்றிக்கொண்டாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இவன் ‘நலம்’ என்றான். திருப்பத்துக்குப் பின்னாலிருந்து, அவள் தலைக்கு மேலாக, ‘நலம்’ திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் அது வரும்வரை அவன் மூச்சு விடவில்லை.

மலையின் நிழல் ஓடையைத் தொட்டபோது யானை ஒன்றுமே நடக்காததுபோல் கீழே இறங்கிப் போனது. வெகுநேரம் கழித்துக் காளியன் பாறையை விட்டு இறங்கி, தவழாத குறையாக ராகிக் கொல்லைக்கு வந்துசேர்ந்தான். கருப்பி அதற்குள் அங்கே வந்திருந்தாள். செருப்பு இல்லை, முழங்காலில் ரத்தம். அவனை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள்.

அமுதவல்லி கையைத் தேய்த்துக்கொண்டே பெட்டியை இடுப்பில் மாட்டினாள். அணைக்கவில்லை.

“பெரியவரோட கேதம் என் தலை மேலேயே போயிருக்குது,” என்றாள். “நீதானேடா சொன்னே, மருமவளுக்கு ஆவாதுன்னு.”

“சொன்னங்க்கா.”

“இப்ப என்ன சொல்றே?”

ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் காளியன் நினைத்தான். அதைச் சொல்வதற்கு யானைக்கு முன்னால் கத்தியதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

“அவளுக்கு எத்தனை மாசங்க்கா?” என்றான்.

“எட்டு.”

“பொறக்கற வரைக்கும் உங்க கொல்லைக்கு நான் களை எடுக்கறேன்.”

“களை எடுக்க எனக்குத் தெரியும். நீ வேண்டிக்கோ,” என்று சொல்லிவிட்டு, அமுதவல்லி சாவு வீட்டைப் பார்த்து மேலே நடந்தாள். காளியனும் கருப்பியும் அவள் பின்னாலேயே, பெட்டி எட்டும் தூரத்தை விட்டு விலகாமல் நடந்தார்கள்.