அவகிட்ட குடுக்கறேன்

துக்க வீட்டில் கண்ணாடி தெரியக்கூடாது என்று யோராம் குளியலறைக் கண்ணாடியில் மாட்டிய விரிப்பு மறுபடியும் வழுக்கி விழுந்தது. கடல் தாண்டிக் குரலை அனுப்பத் தெரிந்தவனுக்கு ஒரு துணியை நிறுத்திவைக்கத் தெரியவில்லை. ஸெலிக் பால்கனிக்குப் போய்த் துணி கிளிப் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினார். மனைவி ஃபானியைப் புதைத்துவிட்டுத் திரும்பியதிலிருந்தே அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க போய் உட்காருங்க பெரியப்பா," என்றான் யோராம். ஸெலிக்கின் தம்பி மகன். "பாவம், எல்லாரும் மூச்சு முட்டிப் போய் உட்கார்ந்திருக்காங்க."

உண்மைதான். யூத வழக்கப்படி, துக்க வீட்டில் துக்கக்காரர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். அதுவரை வந்தவர்கள் பேசக்கூடாது. ஸெலிக் துக்கத்துக்காகக் கிழித்த காலரோடு குட்டை முக்காலியில் உட்கார்ந்தார். எதிரே ராமத் கான் ஊரின் அந்தத் தெரு முழுக்க இருந்தது. மருந்துக்கடைக்காரர், தையல் வகுப்புத் தோழிகள், யோராமின் கம்பெனிப் பையன்கள். ஆளுக்கொரு ஃபானி கதையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு இருமினார்கள். மாடி வீட்டு மஸால் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காவலுக்கு நின்றாள். எந்த உதடாவது அசைந்தால் முறைத்தாள்.

ஸெலிக்குக்கு முதல் வார்த்தை வரவில்லை. பழக்கமில்லை. வேலைக்காலம் முழுக்க, 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்ற பலகைக்குக் கீழே பஸ் ஓட்டியவர். வீட்டில் முதல் வார்த்தை ஃபானியுடையது. நடுவில் வருவதும் அவளுடையதுதான்.

கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் மேல் மைக். மைக்கின் பஞ்சு உறையில் சிவப்பாக உதட்டுச்சாயம். அந்தப் பக்கம் யாருக்கும் முகம் தெரியாதே என்று ஸெலிக் ஒரு தடவை கேட்டுவிட்டார். "பூசலேன்னா பெர்லாவுக்குக் குரல்லயே தெரிஞ்சிடும்," என்றாள் ஃபானி. பெர்லா அவள் தங்கை. புவெனோஸ் அய்ரெஸில் இருக்கிறாள்.

யோராமும் ராணுவத்தில் அவனோடு வயர்லெஸ் பிரிவில் இருந்த இரண்டு பேரும் டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, இன்டர்நெட் வழியாகப் பேசும் கம்பெனி ஆரம்பித்தார்கள். 'ஹெத்' என்று பெயர் வைத்தார்கள். ஹீப்ருவில் எதிரொலி என்று அர்த்தம். "போன்ல வரக்கூடாத ஒண்ணையே பேரா வெச்சிருக்கானுங்க," என்று சிரித்தாள் ஃபானி. ஆனால் மறுவாரமே சம்பளமில்லாமல் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஃபானி பேசி உடையாத மென்பொருள்தான் வெளியே போகலாம் என்பது கம்பெனியின் சட்டம். பெர்லாவுக்கும் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார்கள்.

பையன்கள் தெரிந்த முறையிலேயே செய்திருந்தார்கள். பட்டனை அழுத்திப் பேசு, முடித்ததும் விடு, பிறகு மற்றவர் பேசுவார். அப்படியே ராணுவ வயர்லெஸ். ஜப்பானிலிருந்து வந்த விருந்தாளிகள் சோதித்தபோது அற்புதமாக வேலை செய்தது. ராமத் கானில் வைத்ததும் செத்தது. இங்கே யார் யாரைப் பேசி முடிக்க விடுகிறார்கள்?

"அவ பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாய மூடிக்கிட்டு இருக்கணுமாம்," என்று ஃபானி டயர் கடைப் படியிலேயே கத்தினாள். "இதுக்குப் பேரு போனாடா? கோர்ட்டு."

அவளுக்காகத்தான் மூன்று பையன்களும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தார்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச வழி செய்ய. போன வாரம் புது ஒலி அட்டை ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் செருகிவிட்டுப் போனான் யோராம்; பெர்லாவுக்கும் ஒன்று அனுப்பியிருந்தான். இன்று சாயங்காலம் ஃபானி சோதிப்பதாக இருந்தது. நேற்றுக் காலை காப்பி கலக்கும்போது இதயம் நின்றுவிட்டது.

யோராம் குனிந்து ஸெலிக்கின் காதில் சொன்னான். "பெர்லா சித்திக்கு அடக்கத்துக்கு வர விமானம் கிடைக்கல. அங்கயே துக்கத்துக்கு உட்கார்ந்திருக்காங்க. எப்பவும் பேசுற நேரத்துக்குக் கூப்பிடுறேன்னாங்க. எடுக்கட்டுமா? ஆனா இது இன்னும் யாரும் பேசிப் பார்க்காதது. சொதப்பினாலும் சொதப்பும்."

ஸெலிக் மஸாலைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவ. அவளும் துக்கக்காரிதான்," என்று மஸால் தீர்ப்புச் சொன்னாள். "அவ பேசலாம்."

ஸெலிக் முக்காலியை இழுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து பெர்லாவிடம் அவர் பேசியது ஒரே வாக்கியம். தொலைபேசி மணி அடிக்கும், எடுப்பார், "இரு, அவகிட்ட குடுக்கறேன்" என்பார். இன்று யாரிடம் கொடுப்பது? இப்போது அவர் பேசாவிட்டால் பெர்லாவோடு பேச இந்த வீட்டில் வேறு ஆளில்லை.

மோடம் கிரீச்சிட்டு அடங்கியது. இணைப்பு வந்துவிட்டது. ஒரு நாற்காலி நகரும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். அவ்வளவுதான். அங்கேயும் ஒரு கூடம் நிறைய ஆட்கள் பெர்லாவின் முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு ஊரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. யோராம் நகத்தைக் கடித்தான்.

ஸெலிக் பஞ்சு உறையில் வாய் படும்படி குனிந்தார். யோசிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இரு பெர்லா, அவகிட்ட குடுக்..."

"அவகிட்ட குடுக்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தான்," என்ற குரல் அந்த வாக்கியத்தின் மேலேயே ஏறி விழுந்தது.

பெர்லா சிரித்தாள். அக்காவின் சிரிப்பேதான், முடிவில் ஒரு சின்ன விக்கல். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"பாதி சொல்லிட்டேன்," என்றார் ஸெலிக். பிறகு மெதுவாக, "பெர்லா, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே நீ பேசினது கேட்டுச்சே."

"எனக்கும் கேட்டுது. குறுக்கே பேசினேன், நீங்க அறுந்து போகல."

பின்னால் யோராம் ஒரு கம்பெனிப் பையனின் முதுகில் ஓங்கி அறைந்தான். "வேலை செய்யுதுடா."

"உஷ்," என்றாள் மஸால்.

"என்ன உஷ்? அவர்தான் பேசிட்டாரே," என்றார் மருந்துக்கடைக்காரர். அதோடு அணை போயிற்று. "பெர்லா, உங்க அக்கா என் தராசையே நம்பாம..." என்று அவர் தொடங்க, தையல் தோழி "அத விடுங்க, ஜெபக்கூட ரப்பியோட கோட்டுல கை வெச்ச கதைய..." என்று புகுந்தாள். அங்கிருந்து பெர்லா "அது எனக்குத் தெரியும், அந்தக் கோட்டு..." என்று இருவர் மேலும் ஏறினாள். புவெனோஸ் அய்ரெஸிலிருந்து அடையாளம் தெரியாத ஓர் ஆண் குரல் எல்லாரையும் திருத்தியது. ஒருவர்கூட மற்றவரை முடிக்க விடவில்லை. ஒரு குரலும் அறுபடவில்லை.

"பெரியம்மா இருந்திருந்தா இந்நேரம் எல்லாரையும் அமுக்கியிருப்பாங்க," என்றான் யோராம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஸெலிக் நிமிர்ந்து, எல்லாருக்கும் எட்டும்படி மைக்கைக் கூடத்தின் பக்கம் திருப்பி வைத்தார். மஸால் கையில் திணித்த முட்டையை ஒரு கடி கடித்துவிட்டு, "கோட்டு இல்ல, தொப்பி," என்று நடுவில் நுழைந்தார். அவர் மேலுதட்டில் சிவப்பு ஒட்டியிருந்தது. வீட்டில் கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. யாரும் அவரிடம் சொல்லவுமில்லை.