எல்லைக்கு முந்தைய கடை

அந்த மனிதர் மூன்றாவது தடவையாக லாக்கரைத் திறந்தபோது, நான் எண்ணிக்கொண்டிருந்த மீன் தூண்டில்களைக் கீழே வைத்துவிட்டேன். முதல் தடவை, பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டாம் தடவை, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாம் தடவைக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. துப்பாக்கியை உறையோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். பதிவுத்தாளில் டெல்மர் ப்ரூயிட், அறுபத்தெட்டு வயது, மிசூரி என்று எழுதியிருந்தார். கையெழுத்து பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதைப் போல வட்ட வட்டமாக இருந்தது.

என் கடைக்கு இது புதிதல்ல. இங்கிருந்து ஐந்து மைல் திராட்சைத் தோட்டங்கள், அதற்கப்புறம் நியூயார்க் மாநிலம். இந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு உட்கார்ந்து காபி குடிக்கலாம். அந்தப் பக்கம் அதே ஆள் அதே துப்பாக்கியோடு பெட்ரோல் போட இறங்கினால் கையில் விலங்கு விழும். சும்மா கடந்து போகிறவர்கள் தோட்டாவைக் கழற்றி வண்டியின் பின்பெட்டியில் பூட்டிக்கொண்டு போகலாம். போய்த் தங்குகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இது தெரியாமல் தெற்கிலிருந்து வருகிறவர்கள் கடைசி நேரத்தில் ‘துப்பாக்கி பூட்டி வைக்க இடம் உண்டு’ என்ற என் பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்புவார்கள். மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்துநான்கு லாக்கர்களை வாங்கிச் சுவரோடு முடுக்கி வைத்திருக்கிறேன். சில கதவுகளின் உள்பக்கம் இன்னும் யாரோ ஒட்டிய இதயங்களும் பேஸ்பால் படங்களும் இருக்கின்றன. பூட்டிவிட்டு வெளியே போகிற எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவது போல, கை தானாக இடுப்பைத் தொட்டுப் பார்க்கும். பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட. பார்த்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

கதவு மணி அடித்தது. அவர் மனைவி உள்ளே வந்தார். குள்ளமான பெண், கம்பளிச் சட்டைக்குப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், காலில் வீட்டுச் செருப்பு. வெளியே அவர்களுடைய வண்டி, கட்டிலும் அடுப்பும் வைத்த நடமாடும் வீடு, பேருந்து நீளத்துக்கு நின்றது.

"டெல்மர், ட்ரினா மறுபடி ஃபோன் பண்ணிட்டா. மூச்சு விட்டு விட்டு வருதாம். இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

"ஒரு நிமிஷம் நோலா. பூட்டைப் பாத்துட்டு இருக்கேன்."

"பூட்டு நல்லாத்தான் இருக்கு."

நோலா என் பக்கம் திரும்பினார். கணவரைப் பற்றிப் புகார் சொல்லும் குரல் இல்லை. பேருந்து ஏன் தாமதம் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். "எங்க அக்கா ஐரிஸ். பஃபலோவுல ஆஸ்பத்திரியில இருக்கா. ட்ரினா அவ பொண்ணு. நாங்க நேத்து மத்தியானமே வந்திருக்கணும் கண்ணு. செயின்ட் லூயிஸ்ல ஆத்தைத் தாண்டினா இலினாய், நேர் ரோடு. இந்த மனுஷன் ஒரு மேப் வச்சிருக்கான். நம்ம துப்பாக்கி லைசென்ஸ் செல்லுற ஊருக்கெல்லாம் பச்சை, செல்லாத ஊருக்குச் செவப்பு. இலினாய் செவப்பு. செவப்புல டயர் படக்கூடாதாம். தெக்க டென்னசி வரைக்கும் எறங்கி, அப்புறம் கென்டக்கி, இண்டியானா, ஒஹாயோ. தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டுக்கிட்டு வந்திருக்கோம்."

"பஃபலோவும் சிவப்புதானே," என்றேன்.

"அதுக்குத்தான் உங்க கடையைத் தேடிக் கண்டுபிடிச்சான். ஒரு வாரமா சொல்லிக்கிட்டிருந்தான், அங்க பூட்டி வச்சிட்டுப் போயிடுவேன்னு."

டெல்மர் எங்களைப் பார்க்காமல் லாக்கர் கதவிடம் பேசினார். உரக்கப் பேசினார். இடது காது கேட்காது என்று பின்னால்தான் தெரிந்தது. "பதினோரு வருஷம் ஆச்சு மேடம். அர்க்கன்சாஸ்ல ரோட்டோரம் வண்டியை நிறுத்தித் தூங்குறோம். ரெண்டு பேரு கண்ணாடிய ஒடச்சிட்டு உள்ள வந்தானுங்க. என் காதுல எதால அடிச்சானுங்கன்னே தெரியல. இவ கழுத்துல கத்திய வச்சிக்கிட்டு நாப்பது நிமிஷம் வண்டியில இருக்கிறதை எல்லாம் சாவகாசமாப் பொறுக்கினானுங்க. எங்கிட்ட அப்பவும் துப்பாக்கி இருந்துச்சு. வீட்டு அலமாரியில."

"அது முடிஞ்சு போச்சு," என்றார் நோலா.

"உனக்கு."

டெல்மர் துப்பாக்கியை எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பவில்லை. நெற்றியை அந்தத் தகரக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கதவைத் திறந்து அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டபோது, அவர் முகத்தில் வெட்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. அங்கே ஒருத்தி மூச்சுக்குத் திணறுகிறாள், இங்கே இந்த ஆள் இரும்புத் துண்டோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு அந்த வண்டி ஓட்டத் தெரியாது," என்றார் நோலா. "இங்க டாக்ஸி கிடைக்குமா கண்ணு?"

செவ்வாய்க்கிழமை காலையில், திராட்சைத் தோட்டத்து நடுவில் டாக்ஸி. "என் வண்டியில வாங்க," என்று சொல்லிவிட்டேன். சொன்னது எரிச்சலில்தான், இரக்கத்தில் இல்லை. டெல்மர் உடனே தலையாட்டினார். "போயிட்டு வாங்க மேடம். நான் கடையைப் பாத்துக்கறேன்." மனைவியின் கையைப் பிடித்தார். நோலா பிடிக்கவிட்டார், திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டிச் சாவியை எடுத்தபிறகுதான் என் இடுப்பு நினைவுக்கு வந்தது. கடை திறந்த நாளிலிருந்து எனக்கும் ஒன்று உண்டு. காலையில் மூக்குக்கண்ணாடி போடுகிற மாதிரி அதையும் மாட்டிக்கொள்வேன். என் கழுத்தில் யாரும் கத்தி வைத்ததில்லை. டெல்மருக்காவது காரணம் இருந்தது, எனக்கு அதுகூட இல்லை. அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான் எல்லையைத் தாண்டி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் பதினைந்தாவது மைலில் என் சித்தி மகள் கல்யாணம் நடந்தது. முட்டி வலி என்று சொல்லிப் போகவில்லை. முட்டி வலி உண்மையாகவே இருந்தது, அதனால் அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை.

தோட்டாக்களைக் கழற்றினேன். பத்தொன்பதாம் லாக்கரைத் திறந்தேன். அப்புறம் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். திரும்பி வந்து, தூண்டிலுக்கு விற்கிற பொடி மீன்களுக்குத் தண்ணீர் மாற்றினேன். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். பதிவுத்தாளில் என் பெயரையும் எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதினேன், தேதியைத் தப்பாகப் போட்டு அடித்தேன். ஊருக்குத்தான் உபதேசம். நிமிர்ந்தபோது நோலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலருகே முக்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, உனக்கும் இதுதானா?"

கோபமே இல்லாத குரல். எனக்குக் காது சுட்டது. டெல்மர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "குடுங்க மேடம். நான் வச்சிடுறேன்." குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். தன்னுடையதை வைக்க முடியாத மனிதர் என்னுடையதை ஒரு நொடியில் வைத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வாங்க என்று நான் சொல்லி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

எல்லையில் ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். அறுவடை முடிந்த தோட்டங்கள் இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. நான் மட்டும் கண்ணாடியில் பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு நீல நிற வண்டி நாலு மைல் எங்களோடு வந்தது. அதில் ஒரு கிழவியும் நாயும் இருந்ததைப் பார்த்த பிறகும் என் கழுத்து இளகவில்லை. நோலா தலைக்கு மேல் மடித்திருந்த முகக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துத் தலைசீவினார், கம்பளிச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டார். "ஐரிஸுக்கு இதெல்லாம் கண்ணுல படும். சின்ன வயசுலேர்ந்து என் பொத்தானைப் பாத்துத்தான் முதல்ல திட்டுவா."

ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல் இருக்கும்போது ஃபோன் அடித்தது. திரையில் ட்ரினா என்று வந்தது. நோலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"எடுக்கலையா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு. போயிடுவோம்."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஒருவன் வருகிறவர்களை எல்லாம் கையைத் தூக்கச் சொல்லி, இரும்பு இருந்தால் சத்தம் போடுகிற ஒரு கோலால் தடவிக்கொண்டிருந்தான். நோலா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அவன் முடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான்காவது மாடித் தாழ்வாரத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதும் கதவைப் பார்த்து, முதுகு சுவரில் படும்படி உட்காருவேன். காலியாக இருந்தது ஒரே நாற்காலி, அதன் முதுகு லிஃப்டைப் பார்த்து இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நோலா வெளியே வந்தார். "அவ போய்க் கால் மணி நேரம் ஆச்சாம். கை இன்னும் சூடா இருக்கு."

கால் மணி நேரம். கடையில் போன இருபது நிமிஷத்தை மனசு தானாகக் கழித்துப் பார்த்தது. பொடி மீன்களுக்கு மாற்றிய தண்ணீர், அடித்து எழுதிய தேதி. இலினாயைச் சுற்றியது டெல்மர் கணக்கு, இந்தக் கால் மணி என்னுடையது.

"நோலா, கடையில நான்..."

"விடு கண்ணு."

அவர் கையில் ஃபோன் அடித்தது. டெல்மர். அவர் பேசுவது ஃபோனைத் தாண்டித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"போய்ச் சேந்தாச்சா? பாத்தியா?"

நோலா சுவரில் மாட்டியிருந்த சோப்புத் தண்ணீர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தேன்."

"பேசினாளா?"

"பேசினா. நீ எப்படி இருக்கேன்னு கேட்டா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கடவுளே. நான் நேத்துலேர்ந்து செத்துக்கிட்டிருக்கேன் நோலா. நேர் ரோட்டுலயே வந்திருக்கணுமோ, என்னால ஒனக்குத் தவறிப் போயிடுமோன்னு. அப்ப சுத்தி வந்தாலும் நேரத்துக்கு வந்துட்டோம்ல?"

நோலா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வந்துட்டோம், டெல்மர்."

"அப்ப திரும்பறப்பவும் அந்த வழியாவே போயிடலாம்."

"போலாம்."

ஃபோனை அணைத்துக் கம்பளிச் சட்டைப் பையில் போட்டார். ட்ரினா அறைவாசலில் வந்து நின்று, சித்தி, நர்ஸ் காத்திருக்கா என்று மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கட்டும்," என்றார் நோலா. "சூடு போற வரைக்கும் பிடிச்சிக்கிட்டிருக்கேன்." வீட்டுச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து உள்ளே போனார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. இடைவெளியில் கட்டில் விளிம்பும், அவர் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுப்பதும் தெரிந்தது.