வியாழக்கிழமைக் குறைகள்

ஸ்ஃபெர்ராகவால்லோ என்கிற மீன்பிடி ஊரில் கடலைப் பார்த்தபடி இருந்த மேசையில் சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் வழக்கம்போலத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். பெரியது அடியில், சின்னது மேலே, முள்ளுகள் எல்லாம் மேல்தட்டில், கரண்டிகள் ஒரு பக்கமாக. பிறகு மேசைத்துணியில் கிடந்த பாண் தூளை உள்ளங்கையால் கூட்டி எடுத்தார். பரிமாறுகிற பெண் வந்து பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு சிரித்தாள். "விடுங்கோப்பா, அந்தப் பிள்ளையின்ர வேலையை நீங்கள் ஏன் செய்யிறியள்?" என்றேன். "கை சும்மா இருக்குதில்லை, விமலா" என்றார். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையலறைக் கதவைப் பார்த்தபடி இருக்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

அவர் பெயர் தில்லையம்பலம். கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் பதினொரு வருடமாக வேலை. அங்கே அவர் தில்லோ. நான் ஜாம்ப்ரோனே என்கிற இத்தாலிய அம்மாவின், எங்கள் வாயில் சிக்னோராவின், வீட்டில் வேலை செய்கிறேன். வீட்டு வேலைக்காரருக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரம் லீவு. எனக்கு மத்தியானத்துக்கு முன்பே விட்டுவிடுவார்கள். அவருடைய கடைக்கும் வியாழன்தான் மூடுகிற நாள். அதனால் மாதத்தில் ஒரு வியாழன் நாங்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டு ஒரு புதுக்கடையில் போய்ச் சாப்பிடுவோம். பல்லரோவில் நாலு மேசை போட்ட கடை, துறைமுகத்தடியில் படகுக்காரர் சாப்பிடுகிற கடை, மலையடிவாரத்தில் ஆட்டிறைச்சிக்குப் பெயர்போன கடை என்று எட்டு வருடத்தில் நாங்கள் ஏறி இறங்காத படி குறைவு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைக்கிற நேரத்தில் நாங்கள் கத்தரிக்காயைப் பற்றிக் கதைப்போம். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

எனக்கு நாக்கு நீளம். எதைத் தின்றாலும் ஒரு குறை சொல்லாவிட்டால் தின்ற மாதிரியே இராது. குறிப்பாகச் சாளைமீன். இந்த ஊரில் சாளையை முள்ளெடுத்து விரித்து, பாண் தூளும் முந்திரிகை வற்றல் என்கிற உலர்ந்த திராட்சையும் வைத்துச் சுருட்டி, நடுநடுவே லோரோ என்கிற வாசனை இலை செருகி அடுப்பில் வேகவைப்பார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். பல்லரோவில், "முந்திரிகை வத்தலை முழுசு முழுசாப் போட்டிருக்கிறாங்கள், பாயசமே காய்ச்சினவங்கள்?" என்றேன். துறைமுகத்தடியில், "தோடம்பழச் சாறு மட்டும் விட்டால் காணுமே, ஒரு தேசிக்காய்ப் புளி வேணாமே?" என்றேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் தூள் எண்ணெயில் ஊறி நொதுநொதுத்துக் கிடந்தது. இன்னோரிடத்தில் இலை கருகிக் கசந்தது. எல்லாவற்றுக்கும் அவர் "ம்" என்பார். அவ்வளவுதான். ரேடியோவுக்கு முன்னால் இருந்து கதைப்பதும் அவருக்கு முன்னால் இருந்து கதைப்பதும் ஒன்று என்று நான் கோபிப்பேன்.

மேசைக்குச் சொல்லிவைப்பது என் வேலை. அவருடைய இத்தாலியன் சமையலறை இத்தாலியன், டெலிபோனில் எடுபடாது. என்னுடையது டெலிபோன் இத்தாலியன், அதில் ஒரு பழுது. சிக்னோராவுக்காக மருந்துக்கடைக்கும் தையற்காரிக்கும் டெலிபோன் எடுத்து எடுத்து, ரிசீவரைக் கையில் தூக்கினாலே "ஜாம்ப்ரோனே வீட்டிலிருந்து கதைக்கிறேன்" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிடும். போய்ப் பார்த்தால் எங்கள் மேசையில் ஜாம்ப்ரோனே என்று எழுதிய சீட்டு நிற்கும். "வாருங்கோ சிக்னோரா" என்று இவர் கதிரையை இழுத்துவிட்டுப் பகிடி பண்ணுவார். அந்தச் சீட்டுகளில் சில இப்போதும் என் கைப்பையில் கிடக்கின்றன.

நாங்கள் போகாத கடை ஒன்றே ஒன்று. அது அவருடைய கடை. அங்கே சுவரில் எமிலியானாவின் படம் தொங்குகிறது. முதலாளி பிப்போவின் அக்கா. அவளுடைய சாளைமீனுக்காகத்தான் ஆட்கள் வருவார்கள். சாப்பாட்டுப் பட்டியலிலேயே 'எமிலியானாவின் சாளை' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய விரல்கள் வாதத்தில் கோணிப்போயின. அன்றிலிருந்து அதைச் செய்வது தான்தான் என்று என் கணவர் சொல்வார். வேலைப் பத்திரத்தில் இன்னும் பாத்திரம் கழுவுகிறவர் என்றுதான் இருக்கிறது. சமையலறை ஆட்கள் முன்பக்கம் வரக்கூடாது. வீட்டு ஆட்கள் வந்தால் பின்கதவில் நிற்க வேண்டும். சாளை ஒருநாளும் மிஞ்சாது, அதனால் பார்சலும் இல்லை. "வீட்டை ஒருக்காச் செய்து காட்டுங்கோவன்" என்றால், "இந்த அடுப்பிலை அது வராது" என்பார். "உங்கட சாளை கதையிலைதான் நீந்துது" என்று நானும் விட்டுவிடுவேன். பகிடியாகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன?

2006ஆம் ஆண்டு மாசியில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சுவாம்பிள்ளை என்கிற மனிதர் எல்லோருக்கும் கேட்க, "என்ன தில்லையம்பலம், பதினொரு வருசமா இன்னும் கோப்பைதான் கழுவுறீரோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"ஏன் ஒண்டும் சொல்லாமல் நிண்டனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள்தான் சமைக்கிறியள் எண்டு."

"ஆர் நம்பப் போயினம், விமலா?"

நான் நம்புகிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவரும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த வியாழனில் நாங்கள் எங்கும் போகவில்லை. "முழங்கால் நோகுது" என்றார். மாதம் இரண்டு கழிந்தது. வீட்டில் சாப்பிடும்போது நான் குறை சொன்னாலும் "ம்" வரவில்லை. அந்த "ம்" எவ்வளவு பெரிய பேச்சு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய சாளையை அவருடைய கடையில், முன்வாசலால் போய், மேசையில் உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று முடிவெடுத்தேன். உண்மை என்றால் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். பொய் என்றாலும் அவர் என் மனிதர்தான், ஆனால் தெரிந்துகொண்டு வாழலாம்.

சித்திரையில் சிக்னோரா ஒரு கிழமைக்கு மிலானில் இருக்கும் மகளிடம் போனார். செவ்வாய்க்கிழமை நான் கடைக்கு டெலிபோன் எடுத்தேன். நாளை மத்தியானம், இரண்டு பேருக்கு. எடுத்தவர் பிப்போ. அவர் குரல் திடீரென்று மெழுகு பூசிக்கொண்டது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு, சிக்னோரா சுகமாக இருக்கிறாரா, அக்கா சந்தோஷப்படுவாள் என்றார். வைத்த பிறகுதான் என் வாய் செய்த வேலை எனக்கு உறைத்தது. ஜாம்ப்ரோனே வீடு என்று சொல்லியிருக்கிறேன். வேறு கடை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே இவர்களுக்குச் சிக்னோராவைத் தெரியும். திரும்ப எடுத்துத் திருத்தக் கை போனது, ரிசீவரைத் தூக்காமலே திரும்பி வந்தது.

புதன் காலை வேலைக்குப் புறப்படும்போது இவர் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார். "உம்மட சிக்னோரா எப்ப திரும்பி வாறா?"

"வெள்ளிக்கிழமை."

"ஓம்" என்றார். ஜாம்ப்ரோனே மேசை பற்றிய கதை கடையில் அவர் காதிலும் விழுந்திருக்கும். பிறகு அலமாரியைத் திறந்து, கட்டாமல் மடித்து வைத்திருந்த புது ஏப்ரனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான் கத்தரிப்பூச் சேலை கட்டிக்கொண்டு ஒரு மணிக்குப் போனேன். எமிலியானாவின் படத்துக்குக் கீழே வெள்ளைத்துணி போட்ட மேசை. இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ், நடுவில் ஜாம்ப்ரோனே சீட்டு. பிப்போ எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். சிக்னோரா காரில் இருந்து இறங்குகிறாரா என்று கேட்டார். இல்லை, சாப்பிட வந்தது நானும் என் கணவரும் என்றேன். சரி, கணவர் எங்கே என்றார்.

"உங்கள் சமையலறையில்" என்றேன்.

பிப்போ கெட்ட மனிதர் இல்லை. முகம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு கதிரையை இழுத்துவிட்டார். மெதுவாகப் பேசும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். காசு மேசையில் எமிலியானா துடைக்கும் துண்டுகளை மடித்துக்கொண்டு இருந்தாள். கோணின விரல்களால் ஒரு துண்டை மடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் என் சேலையையே பார்த்தாள்.

சாளை வந்தது. ஆறு சுருள், வால்கள் மேல்நோக்கி. முதலாவதை வாயில் வைத்தேன். முந்திரிகை வற்றல் பொடியாக அரிந்திருந்தது. ஒன்றுகூட முழுசாகப் பல்லில் படவில்லை. தோடம்பழத்தின் இனிப்புக்குப் பின்னால் தேசிக்காய்ப் புளி வந்து நின்றது. தூள் எண்ணெய் குடிக்காமல் உதிர்ந்தது. லோரோ இலை பச்சை மாறாமல் இருந்தது. இரண்டாவதையும் தின்றேன், ஒரு முள் இல்லை. பல்லரோவில் சொன்னது, துறைமுகத்தடியில் சொன்னது, ஸ்ஃபெர்ராகவால்லோவில் சொன்னது, எட்டு வருடமாக நான் கொட்டிய குறை ஒவ்வொன்றும் அந்தத் தட்டில் தீர்ந்து கிடந்தது. பக்கத்து மேசைக் கிழவர் தன் தட்டைப் பாணால் துடைத்துத் தின்றுவிட்டு எமிலியானாவுக்குக் கைகாட்டினார். எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, இந்த ஊரில் சாப்பாட்டுக்கு அழுகிறவரை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

மூன்றாவது சுருளைத் தின்னவில்லை. அதையும் சேர்த்து மூன்றை எடுத்து எதிர்த்தட்டில் வைத்தேன். இரண்டு தின்றது போக நாலு மிச்சம், அதில் எனக்கு ஒன்று போதும். சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதில் அவர் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. எழும்பிப் போய்க் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவர்தான் அந்தக் கதவைத் தள்ள வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, வீட்டுக் குரலில் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோப்பா. சாப்பாடு பாத்துக்கொண்டிருக்கு. வாங்கோ."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடியில் இருந்து முகம் மறைந்தது. போய்விட்டார், இனி வீட்டிலும் முகம் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். கதவு திறந்தது. புது ஏப்ரனோடு, நெற்றியில் வியர்வையோடு, வெளியே வந்து நின்றார். "தில்லோ" என்றார் பிப்போ, மெல்ல. இவர் பிப்போவைப் பார்த்தார், பிறகு எமிலியானாவைப் பார்த்தார். அவள் மடித்து முடித்த துண்டை, மற்றதுகளோடு வைக்காமல், அவரை நோக்கி நீட்டினாள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற வெள்ளைத் துண்டு. அவர் அதை வாங்கிக்கொண்டு வந்து, சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். ஏப்ரனுக்கு மேலே துண்டை விரித்துக்கொண்டார். மூன்றையும் தின்றார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"சொல்லும், என்ன குறை?"

"நீங்கள் சொன்னதை நான் நம்பேல்லை. அதுதான் குறை."

அவர் கடைசிச் சுருளின் வாலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ம்" என்றார்.

எங்கள் இரண்டு தட்டிலும் வால்களும் இலைகளும் கிடந்தன. நான்காம் மேசைக்காரர் சாளைக்குச் சொல்லியிருந்தார். பிப்போ அந்த ஓடர்ச் சீட்டைக் கையில் பிடித்தபடி எங்களுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். என் கணவரின் கை தட்டை அடுக்கப் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பிப் போய், மடியில் இருந்த வெள்ளைத் துண்டின் மேல் மற்றக் கையோடு சேர்ந்து சும்மா இருந்தது.