ஒரு மணிக் காற்று

நெஸிஹே வழி போட்டால் அதில் சூரியன்கூட அவள் சொன்ன இடத்தில்தான் நிற்கும். இதைச் சொல்வது அவள் புருஷன் துர்சுன். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவன் வாயில் பெருமை கொஞ்சம் தாராளமாகவே வரும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் சொல்வதை எங்கள் ஊர் சூபாஷியில் யாரும் மறுத்ததில்லை.

பதினோரு வருஷமாக ஏரியோரத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கி டவுன் பள்ளிக்கூடத்தில் விடுகிற வேன் அவளுடையது. எந்த வளைவில் பனி உறையும், எந்த ஆட்டுப்பட்டி நாய் எத்தனை மணிக்கு அவிழ்த்து விடப்படும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏரியைச் சுற்றி ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்கு வழி போடப் போகிறேன் என்று ஒரு நோட்டை எடுத்தாள். ஏரி இருக்கிறது, சுற்றிலும் ரோடு இருக்கிறது, இதில் போடுவதற்கு என்ன இருக்கிறது என்று துர்சுனுக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது. ஒவ்வொரு துண்டு ரோட்டையும் மூன்று வேறு நேரங்களில் ஓட்டிப் பார்த்தாள். காலையில் மேற்குக் கரை வழியாக வடக்கே போனால் வெயில் வலது கன்னத்தில் படும், கண்ணைக் குத்தாது. முதல் ஏற்றம் மூச்சு வாங்க ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஊற்று. ரோஜாத் தோட்டத்தில் பறிப்பு முடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காற்று. எங்கள் ஏரியில் கோடை முழுக்க மதியம் ஒரு மணிக்கு வடக்கேயிருந்து வாடைக்காற்று கிளம்பும், சாயங்காலம் வரை ஓயாது. அது கிளம்பும்போது ஏரியின் வடக்கு முனையைத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பிவிட்டால் கிழக்குக் கரை முழுக்க முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். திரும்பாமல் அகப்பட்டுக்கொண்டால் முகத்தில் அறையும். வேனில் உட்கார்ந்து பதினோரு வருஷம் இந்தக் காற்றைப் பார்த்தவள், அதையே வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டாளே என்று துர்சுன் வாயைப் பிளந்தான்.

ரோஜாப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை இஸ்தான்புல் கம்பெனியிலிருந்து ஒர்ஹுன் என்பவர் வழியை ஓட்டிப் பார்க்க வந்தார். பிடித்துவிட்டால் அக்டோபர் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் இன்னொரு ஏரியையும் பார்ப்பதாக இருந்தது. இரண்டில் ஒன்றுதான். நெஸிஹேயின் இரண்டு வருஷ உழைப்பு அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் துர்சுன் தன் கைவரிசையைக் காட்டினான். வழியில் மூன்று கிராமம். முதல் கிராமத்தில் பட்டாளத்தில் கூட இருந்த நண்பன், இரண்டாவதில் ஊர்த்தலைவர், மூன்றாவதில் அக்கா புருஷன் ஸுல்கிஃப். வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேருக்கும் போன் போட்டான். நாளைக்கு நெஸிஹேயோடு ஒரு விருந்தாளி வருகிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொன்னான். நாய்களைக் கட்டிப்போடுவார்கள், ரோட்டில் மாடு நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவன் நினைப்பு. இந்த மண்ணில் பிறந்து நாற்பத்தாறு வருஷம் வளர்ந்தவன், விருந்தாளி என்ற சொல்லைக் காதில் போட்டால் எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாமலா போய்விட்டது? அவளிடம் சொல்லவும் இல்லை. சந்தோஷப்படட்டும் என்று மனசுக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டான்.

காலை எட்டு மணிக்கு நெஸிஹேயும் ஒர்ஹுனும் சைக்கிளில் கிளம்பினார்கள். துர்சுன் பின்னாலேயே வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். முதல் கிராமத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மேஜை போட்டிருந்தது. ஓரமாக இல்லை, குறுக்கே. ஆலிவ், வெண்ணெய், தேன், வால்நட் ஜாம், எட்டு விதமான பாலாடைக்கட்டி, கொதிக்கிற தேநீர். பட்டாளத்து நண்பன் கோட்டு மாட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? நாற்பது நிமிஷம் போயிற்று.

நெஸிஹே திரும்பி வேனைப் பார்த்தாள். துர்சுன் கியர் கம்பியைப் பார்த்தான்.

இரண்டாவது கிராமத்தில் ஊர்த்தலைவர் ஓர் ஆட்டையே அடித்துவிட்டிருந்தார். கோதுமையும் இறைச்சியும் குழையக் குழையக் கிண்டிய கெஷ்கெக் அண்டாவில் ஆவி பறந்தது. ஒர்ஹுன் நல்ல மனுஷர். கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, திணறத் திணறத் தின்றார். நெஸிஹே தட்டில் பாதியை வைத்துக்கொண்டு ஏரியையே பார்த்தாள். தண்ணீர் இன்னும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது கிராமத்துக்குப் போகும்போது மணி பன்னிரண்டே முக்கால். ரோஜாப் பறிப்பு எப்போதோ முடிந்து, செடிகளில் பூவே இல்லை. வடக்கு முனைக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். ஸுல்கிஃப் வீட்டு வாசலில் அக்கா கோஸ்லெமே சுட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி அடுக்கு அவள் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அந்த நேரத்தில் ஏரியின் மேல் முதல் சுருக்கம் விழுந்தது, கரையோர நாணல் எல்லாம் தெற்கே சாய்ந்தது.

துர்சுன் வேனிலிருந்து இறங்கி நெஸிஹேயிடம் போய் நின்றான்.

"நான்தான் போன் பண்ணேன். மூணு ஊருக்கும்."

"தெரியும்," என்றாள். "முதல் மேஜையிலயே தெரியும்."

"திட்டிடு நெஸிஹே. நல்லா திட்டு."

"அதுக்கு இப்ப நேரமில்ல. அப்புறம் சாவகாசமா திட்டறேன்."

அவள் கண் ஸுல்கிஃபின் டிராக்டர் மேல் இருந்தது. டிரெய்லரில் ரோஜா மூட்டைகள் இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வடக்கு முனைக்கு அந்தப் பக்கம் உள்ள ரோஜா எண்ணெய் ஆலைக்குப் பதினோரு மணிக்கே போயிருக்க வேண்டிய பூ அது. விருந்தாளி முகத்தைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று ஸுல்கிஃப் காத்துக்கொண்டிருந்தான். மூட்டைக்குள் பூ சூடேற ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, உனக்கென்ன பைத்தியமா? பூவை அவிய வச்சுட்டு எங்களுக்கு ரொட்டி போடறியா?" என்றாள் நெஸிஹே. "ஏறு வண்டியில. பதினெட்டு கிலோமீட்டர் வேகத்துல ஓட்டணும், ஒரு பொட்டுக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

ஒர்ஹுனைத் தட்டோடு எழுப்பி, டிரெய்லருக்குப் பின்னால் மூன்று முழம் தள்ளி ஓட்டும்படி சொன்னாள், தானும் பக்கத்தில் வந்தாள். அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் துர்சுன் சாகும்வரை மறக்க மாட்டான். இரண்டு பக்கமும் காற்று ஊளையிட்டுக்கொண்டு போகிறது, ஏரி நுரை தள்ளுகிறது, நடுவில் அந்த ரோஜா மலையின் மறைவில் இரண்டு சைக்கிள்கள் கூடத்தில் உலாத்துகிற மாதிரி போகின்றன. சூடேறிய பூவின் வாசனை வேனுக்குள்ளேயே நெஞ்சை அடைத்தது. ஒர்ஹுன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இப்படி ஒருத்தியை நமக்குக் கட்டி வைத்தார்களே என்று துர்சுனுக்குக் கண் கலங்கியது. அவனாக இருந்திருந்தால் இருவரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான்.

முனையைத் திரும்பியதும் டிராக்டர் ஆலைக்குப் பிரிந்தது. முதுகில் காற்றோடு சூபாஷிக்கு வந்து சேரும்போது மணி நாலரை. கடை வாசலில் ஒர்ஹுனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்த டிராக்டரும் சாப்பாடும் எல்லா சனிக்கிழமையும் உண்டுதானே? ஜனங்க சொக்கிப் போயிடுவாங்க."

துர்சுன் வாயைத் திறந்தான். உண்டு, கண்டிப்பாக உண்டு, இன்னும் இரண்டு ஆடு சேர்த்தே அடிக்கலாம் என்று சொல்லத்தான் திறந்தான்.

"இல்ல," என்றாள் நெஸிஹே. "பூ வண்டி வருஷத்துல இருபத்தஞ்சு நாள்தான். சாப்பாடு என் வீட்டுக்காரர் செஞ்ச கூத்து. வாரா வாரம் ஆடு அடிச்சா அந்த ஊரு தாங்காது. இன்னிக்கு நீங்க ஓட்டுனது என் வழி இல்ல."

"அப்ப உங்க வழி எது?"

"நாளைக்கு வந்தா காட்டறேன். நாளைக்கு நீங்க வேற ஏரிக்குப் போறீங்கன்னு தெரியும். போறதா இருந்தா, இன்னிக்குப் பாத்ததை வச்சு எனக்கு வேலை குடுக்காதீங்க."

துர்சுன் பதறினான். கைக்கு வந்ததை இப்படியா தட்டிவிடுவாள்? மறு நொடி, தான் சொல்ல இருந்த பொய் நாக்கிலேயே கசந்தது. ஒர்ஹுன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன் அக்கா. எல்லா நாளும் இப்படித்தான்னு எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு?"

அன்று சாயங்காலம் நெஸிஹேயே மூன்று கிராமத்துக்கும் போன் செய்து, நாளைக்கு ஒரு ஆள்கூட ரோட்டுக்கு வரக்கூடாது என்று கறாராகச் சொன்னாள். ஊர்த்தலைவருக்கு ரொம்ப மனவருத்தம். தேநீர்கூடவா கூடாது என்று நாலு தடவை கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கிராமங்களிலும் கதவுகள் சாத்தியிருந்தன. எல்லா ஜன்னலிலும் தலைகள். பட்டாளத்து நண்பன் கோட்டோடு மாடியில் நின்று, கையை நீட்டாமல் முகத்தால் மட்டும் உபசரித்தான். நிழல் வர வேண்டிய இடத்தில் நிழல் வந்தது. மூச்சு வாங்குகிற இடத்தில் ஊற்று வந்தது. ரோஜாத் தோட்டத்தில் கடைசி வரிசையைப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், பேசக்கூடாது என்ற உத்தரவை மதித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வடக்கு முனை. துர்சுன் வேனுக்குள் தன்னை அறியாமல் நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருந்தான். இருவரும் முனையைத் திரும்பித் தெற்கே மிதித்தார்கள், நாணல் அசையவில்லை. நூறு கஜம் போனார்கள், இருநூறு போனார்கள். வேன் ஜன்னலில் ஒரு சில்லிப்பு பட்டது. முன்னால் நாணல் மொத்தமும் ஒரே பக்கம் படுத்தது. ஒர்ஹுன் மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் நிற்கவில்லை, தானாகவே வேகம் எடுத்தது. அவர் நெஸிஹேயைப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை, தினமும் நடப்பதுதானே என்பது போல ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒர்ஹுன் பின்தங்கி வேன் ஜன்னலோரமாக வந்தார். முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

"மாஸ்டர், நான் வேற ஏரியைப் பாக்கப் போறதில்ல. அக்டோபர் வரைக்கும் சனிக்கிழமை எல்லாம் இங்கதான். அக்காகிட்ட சொல்லிடுங்க."

துர்சுனுக்கு ஹாரனை அடித்து, ஏரி அதிரக் கத்தி, மூன்று கிராமத்துக்கும் இப்போதே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்கண்ணே. இனிமே நான் யாருக்கும் ஒரு சேதியும் சொல்றதா இல்ல."

ஒர்ஹுன் சிரித்துவிட்டு முன்னால் போனார். அவள் அதைத் தனியாகக் கேட்கட்டும் என்று துர்சுன் வேனை மெதுவாக்கினான்.