பத்துப் பேர் பங்குப் பொங்கல்

மிளகில் பைப்பரின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதை மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் எவ்வளவு சேருகிறது என்று அளப்பதுதான் என் பிஎச்டி. மாத்திரை கொடுக்கும் முன் எடுக்கும் ரத்தத்தில் அது துளியும் இருக்கக் கூடாது. மெஷினில் கோடு தட்டையாக ஓட வேண்டும், இல்லையென்றால் அன்றைய வேலை முழுக்கக் குப்பை.

தமிழ்நாட்டில் மிளகு படாத ரத்தத்துக்கு எங்கே போவது? பொத்தேரியில் எங்கள் காலேஜ் பையன்கள் பத்துப் பேரை ஒரு ஹாலில் தங்கவைத்து, ரசத்தைக் கண்ணில் காட்டாமல் வெறும் தயிர்சாதமாகப் போட்டேன். அவர்கள் சாபம் என்னைச் சும்மா விடவில்லை. மாத்திரைக்கு முந்தைய ரத்தத்திலேயே பத்துப் பேருக்கும் பைப்பரின் மலை மலையாக எழுந்து நின்றது.

"ரத்தக் குப்பியை ஒழுங்கா கழுவினாத்தானே?" என்றார் என் கைடு சூர்யநாராயணன் சார். "இன்னொரு தடவை இப்படி வந்தா தலைப்பையே மாத்திடலாம்."

தலைப்பை மாற்றினால் என் மூன்று வருஷ உழைப்பும் போச்சு. அழுதுகொண்டே குப்பிகளைக் கழுவினேன். மிச்சமிருந்த ரத்தத்தைத் திரும்ப மெஷினில் ஓட்டினேன். மறுபடியும் அதே மலை. ஆத்திரத்தில், பத்துப் பேரில் ஒருவனான ஜீவானந்தத்தைப் பிடித்தேன். கோவளத்து மீனவர் வீட்டுப் பையன், பொய் சொல்ல வராது.

"ஜீவா, ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே?"

"இன்னாக்கா இப்டி கேக்கற? ஒண்ணியும் துன்னல. தயிர்சோறு துன்னே நாக்கு செத்துப்போய் கீது."

"வாயில எதுவுமே போடலையா?"

"பிரசாதம் மட்டும்தான். அது சாப்பாட்டுல சேராதே."

"என்ன பிரசாதம்?"

"வெண்பொங்கல். நீ ஐஸ் எடுக்கப் போனப்ப சார் கொண்டாந்தாரு. மார்கழியாச்சே, உன் ஆராய்ச்சி நல்லா வரணும்னு பீர்க்கன்கரணை கோயில்ல வேண்டிக்கினாராம். அவரே கையில வெச்சாரு. மொளகு முழுசு முழுசா, சோக்கா இருந்துச்சுக்கா."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நேரே சாரிடம் போனேன்.

"அது பிரசாதம்மா. அதைப் போய் சாப்பாட்டுக் கணக்குல சேர்ப்பாங்களா?"

"மெஷின் சேர்த்துடுச்சு சார்."

"சரி, திரும்பப் பண்ணிடலாம்" என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கைடுகளுக்குக் கிடையாது.

மறுபடியும் ஹால், மறுபடியும் தயிர்சாதம். ரத்தம் எடுக்கும் நாள் விடியற்காலையில் ஹால் வாசலில் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் தூக்கு.

"பயப்படாதே. இன்னிக்குச் சர்க்கரைப் பொங்கல். மிளகே இல்லை."

"சார், வயித்துல எது இருந்தாலும் மாத்திரை கரையற வேகம் மாறிடும். வெறும் வயிறுன்னு விதி எழுதினதே நீங்கதான்."

"சாமி பேர்ல கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்றியா?"

அதைச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் இந்தத் தடவையும் கெட்டால் எனக்கு டிகிரி இல்லை. கதவை மறித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"அவங்க பங்கையும் எனக்கே கொடுத்துடுங்க சார்."

சார் நெகிழ்ந்துவிட்டார். ஒவ்வொரு பையன் பெயராகச் சொல்லி, நெய் சொட்டச் சொட்ட ஒவ்வொரு கைப்பிடி வைத்தார். பத்தையும் நின்றபடியே விழுங்கினேன். ஐந்தாவதில் நெஞ்சை அடைத்தது. எட்டாவதில் கண் இருட்டியது.

மறுநாள் மெஷினில் பத்துக் கோடும் பாய் விரித்ததுபோல் தட்டையாக ஓடின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பார்த்தியா, பிரசாதத்தோட மகிமை" என்றார் சார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பொங்கல் வெளியே வந்துவிடும் போலிருந்தது.