பர்மிட் இல்லாத சோறு

மகள் செவ்வந்தி போட்ட கார்டில் நாலே வரிதான் இருந்தது. நீலாம்பாளுக்குப் படிக்கத் தெரியாது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கொட்டகையில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். 'எட்டு மாசம் ஆகிறது. எதுவும் உள்ளே இறங்கவில்லை. நம்ம ஊர்ப் புது அரிசி வேகிற வாசனை தினமும் கனவில் வருகிறது. விழித்தால் போய்விடுகிறது.' படித்தவர் சிரித்துவிட்டார். நீலாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கார்டை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். மசியும் தூசியும்தான் மணத்தன.

நீலாம்பாளின் ஊர் மேலவெளியிலிருந்து கொள்ளிடக் கரைக்கு மூன்று மைல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஜில்லா. அங்கே பஸ் பிடித்து இரண்டு மணி நேரம் போனால் செம்மண் பூமி. கேழ்வரகும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற அந்த ஊரில்தான் செவ்வந்தியைக் கட்டிக் கொடுத்திருந்தது. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், அந்த வருஷம், பர்மிட் இல்லாமல் நெல்லோ அரிசியோ ஜில்லாவைத் தாண்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. விளைந்ததைத் தானே ஒரு விலை வைத்து வாங்கி, ஊர் ஊராக ரேஷன் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பாலத்திலும் ஓடத்துறையிலும் செக்போஸ்ட் முளைத்திருந்தது.

பாலத்து வழியாகப் போகிற பெண்கள் அரிசியைத் துணியில் முடிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி போல மூச்சு வாங்கி நடப்பார்கள். நீலாம்பாளையும் அப்படிப் போகச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி யோசனை சொன்னாள்.

"பெத்த மக நெசமா வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறா. நான் பொய் வயிறு கட்டிக்கிட்டுப் போவவா? என் கூலி அரிசிடி இது. தலையில வச்சே கொண்டு போறேன்."

அறுப்புக் கூலியாகக் களத்தில் அளந்து கொடுத்த கிச்சிலிச் சம்பா நெல். தன் உரலில் குத்தி, தன் முறத்தில் புடைத்து, ஒரு மரக்கால் அரிசியை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டினாள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அவள் கிளம்பும்போது, புருஷன் இராஜாங்கம் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டான்.

"பண்ணையில சொல்லிட்டியா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். முன்பெல்லாம் ஒரு நாள் ஊரை விட்டுப் போவதென்றால் பண்ணை வீட்டுக் கொல்லையில் கைகட்டி நின்று உத்தரவு வாங்க வேண்டும். கூலி உயர்வு கேட்ட வருஷம், அவர்கள் குடிசையைப் பண்ணை ஆட்கள் பிரித்துத் தெருவில் எறிந்தார்கள். ஒரு மாதம் புளியமரத்தடியில் கிடந்தார்கள். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது, மனைப்பட்டா வந்தது. இப்போது அவர்கள் காலடி மண் அவர்கள் பேரில் இருந்தது.

வழியெல்லாம் பனி. வரப்பு தெரியவில்லை, வாய்க்கால் தெரியவில்லை. அறுத்த தாள்கள் மட்டும் காலில் உரசின. பாலுக்குள் நடக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. தலையில் மூட்டை இருந்தும் உடம்புக்குக் கனமே இல்லை. எங்கோ தண்ணீர் பேசுகிற சத்தம் கேட்டபோதுதான் ஆறு வந்துவிட்டது என்று தெரிந்தது.

ஓடத்துறையில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதுதான் செக்போஸ்ட். எதிரே ஜன்னத் பீவியின் புட்டுக்கடை. அடுப்பில் இன்னும் தீ ஏறவில்லை. கொட்டகையை ஒட்டி ஒரு மாட்டுவண்டி அவிழ்த்து நின்றது. அதில் நாலு மூட்டை நெல். வண்டியின் நுகத்தடியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மேலவெளிப் பண்ணை சாரங்கபாணி. அவளை அவரும் பார்த்தார்.

செக்போஸ்ட் குமாஸ்தா முருகையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். திருவாரூர்ப் பக்கம் ஒரு சேரியிலிருந்து படித்து வந்தவன். அந்தக் குடும்பத்தில் முதல் சர்க்கார் உத்தியோகம் அவனுடையது. மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அரிசியாம்மா?"

"ஆமா தம்பி. புது அரிசி. புள்ளத்தாச்சி மகளுக்கு."

"பர்மிட் இல்லாம விட முடியாதும்மா. வச்சிட்டுப் போங்க, இல்ல திரும்பிப் போங்க."

"நான் விக்கவா போறேன்?"

"எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க."

வண்டியிலிருந்து சாரங்கபாணி குரல் கொடுத்தார். "கேளு நீலா, நல்லாக் கேளு. அஞ்சு மணியிலேர்ந்து நானும் கேட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். என் வயல், என் நெல்லு, என் வண்டி. அக்கரையில ஒன்றரைப் பங்கு விலை தர ஆள் நிக்கிறான். இவன் யாரு குறுக்கே கம்பு போட? வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் நடுவுல சர்க்காருக்கு என்ன வேலை? சுதந்திரம் வந்ததுன்னு கொடி ஏத்தறோம்! எங்கே வந்தது?"

முருகையனின் முகம் சிவந்தது. "அக்கரையில நிக்கிறவன் அத மூணு பங்குக்கு விப்பான். வாங்க முடியாதவன் என்ன செய்வான்? எங்க ஆத்தா இந்த ரேஷன் கடை அரிசி வந்தப்புறந்தான் தினம் உலை வச்சா. அதுக்கு முன்னாடி நத்தையும் கீரையுந்தான். உங்க சுதந்திரத்தத் தின்னுட்டா நாங்க வளந்தோம்?"

நீலாம்பாள் மூட்டையை இறக்கி மணலில் வைத்தாள். இரண்டு பேர் சொன்னதும் அவளுக்கு ஒரே சமயத்தில் உண்மையாகப் பட்டது.

"தம்பி, உங்க கடை அரிசிய நானும் திங்கிறேன். நாத்தம் அடிச்சாலும் அது இல்லன்னா ஐப்பசி மாசம் நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன். குத்தம் சொல்லல." பிறகு வண்டிப் பக்கம் திரும்பினாள். அவள் மாமியார் காலத்தில் 'ஆண்டே' என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் 'ஐயா' என்றாள். "ஐயா, உங்க நெல்லுக்கு இன்னிக்குத்தாங்க வழி மறிச்சிருக்கு. உங்க அப்பாரு காலத்துல எங்க காலுக்கே மறிச்சிருந்துச்சு. பக்கத்து ஊர்ல கூலி கூடன்னு நடவுக்குப் போனோம். வரப்புல நிறுத்தித் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அப்ப வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் நடுவுல யாரு நின்னா?"

சாரங்கபாணி மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஓடம் பனிக்குள்ளிருந்து வந்து, ஆளை இறக்கி, மறுபடி பனிக்குள் போனது. அக்கரை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. மகள் அந்த வெள்ளைக்கு உள்ளே எங்கேயோ வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிற மாதிரி நீலாம்பாளுக்குத் தோன்றியது. மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தாள். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

"தம்பி, எதெது போவக் கூடாதுன்னு எழுதியிருக்கு? படிங்க."

அவன் ஆணையை எடுத்து வாய்விட்டுப் படித்தான். நெல், அரிசி, குருணை, அவல், அரிசி மாவு.

"சோறு?"

அவன் தாளைத் திருப்பினான். பின்பக்கம் கையெழுத்தும் முத்திரையும்தான் இருந்தன.

"சோறு இல்லம்மா."

"அப்ப சரி." எதிரே போய், "அக்கா, உங்க பெரிய தேக்சாப் பானையக் கொஞ்சம் குடுப்பீங்களா?" என்றாள்.

ஜன்னத் பீவி ஒரு கணம் விழித்தாள். விஷயம் புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாடுகள் திரும்பிப் பார்த்தன. "அடுப்பையும் எடுத்துக்க புள்ள. புட்டு இன்னிக்கு லேட்டாப் போவட்டும்."

ஆற்றுத் தண்ணீரில் அரிசியைக் களைந்தார்கள். மூன்று கல்லில் தேக்சா ஏறியது. சவுக்கு மிலாறு நின்று எரிந்தது. உலை கொதிக்கத் தொடங்கியபோது ஆவி எழுந்து பனியோடு கலந்தது. எது ஆவி, எது பனி என்று தெரியவில்லை. வாசனை மட்டும் தனியாகப் பிரிந்து நடந்தது. பால் கட்டிய கதிரும், ஈர வைக்கோலும், எப்போதோ மழை விட்ட ஒரு சாயங்காலமும் அதில் இருந்தன. ஓடத்துக்குக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முருகையன் கொட்டகைக்குள் உட்கார முடியாமல் வெளியே வந்தான். ஆறே ஒரு பெரிய உலையாகி மெல்லக் கொதிப்பது போலிருந்தது.

வடித்து நிமிர்த்தியதும் வாழையிலையை விரித்து, மகளுக்கு என்று பாதிக்கு மேல் எடுத்துக் கட்டினாள். மீதியைப் பார்த்தாள். சுடச்சுட, வெள்ளையாக, யாரும் அளந்து போடாத சோறு. அவள் வாழ்நாளில் வேறு யாருக்கும் சோறு போட்டதில்லை. போடுமளவுக்கு ஒருநாளும் மிஞ்சியதில்லை.

"வாங்க எல்லாரும்," என்றாள்.

ஜன்னத் பீவி கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்தாள். ஓடக்காரர் வந்தார், கூடை முடைகிற இரண்டு பெண்கள் வந்தார்கள். முருகையன் கடைசியில் வந்து உட்கார்ந்தான். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"எங்க அப்பா ஆயுசு பூரா இதத்தான் வெளைய வச்சாரு," என்றான். "நான் இப்பத்தான் சாப்பிடறேன்."

சாரங்கபாணி வண்டியை விட்டு இறங்கவில்லை. நீலாம்பாள் அவரைக் கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். கூப்பிட்டால் அவருக்கு அவமானம். கூப்பிடாவிட்டால் பசித்த மனுஷனைப் பார்க்க வைத்துத் தின்ற பாவம். அவரே பேசினார்.

"நீலா. நம்ம கிச்சிலியா அது?"

"உங்க வயல்ல வெளைஞ்சதுங்க. எனக்குக் கூலியா வந்ததுங்க."

"ம்." அவர் ஆற்றைப் பார்த்தார். "வெறும் சோறா ஒரு கை கொடு."

இலையில் வைத்து நீட்டினாள். கை படாமல் வாங்கவில்லை அவர், பட்டுத்தான் வாங்கினார். ஆனால் வண்டிக்கு அந்தப் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு சாப்பிட்டார். மப்ளருக்கு மேலே பின்கழுத்து மட்டும் அசைவது அவளுக்குத் தெரிந்தது. ஜெயித்த மாதிரி இருக்க வேண்டுமே, இல்லை. தூரத்து உறவு ஒருவரை ஏதோ சாவு வீட்டில் பார்ப்பது போல மனசு ஒரு மாதிரி நெகிழ்ந்து கிடந்தது.

கை கழுவியதும் அவர் வண்டியைப் பூட்டித் திருப்பிக்கொண்டு போனார். அந்த நாலு மூட்டையும் கொள்முதல் நிலையத்துக்குத்தான் போனதென்று அப்புறம் கேள்விப்பட்டாள். சோற்றை அனுப்பலாமா கூடாதா என்று விளக்கம் கேட்டு முருகையன் தாலுகா ஆபீசுக்கு எழுதினானாம். அவனை வேறு இடத்துக்கு மாற்றினார்களே தவிர, பதில் வரவில்லை.

ஓடம் நடு ஆற்றுக்கு வந்தபோது இரண்டு கரையும் தெரியவில்லை. மடியில் சோற்று மூட்டை சூடாக, தூங்குகிற குழந்தை மாதிரி கனத்தது. பஸ்ஸில் ஏறியும் அந்தச் சூடு போகவில்லை.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். செவ்வந்தி வாசலில் நின்றாள்; முகம் வற்றி, வயிறு மட்டும் வளர்ந்து. மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே அவள் மூக்கு விடைத்தது. உடனே உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பு வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பாதியில் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "உதைக்கிறாம்மா," என்றாள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி நாளைக்கு என்று மூடி வைத்தாள்.

சம்பந்தியம்மாள் பாய் விரித்துப் போட்டாள். "எப்ப திரும்பணும் உங்களுக்கு? வேலைக்குத் தேட மாட்டாங்களா?"

நீலாம்பாள் யோசித்தாள். தான் எப்போது திரும்பி வருவது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் இத்தனை நாள் என்று சொல்லி அனுப்பவில்லை. கையில் அரிசியும் இல்லை, அடுத்த வேலை எப்போது என்றும் தெரியாது. நெஞ்சுக்குள் ஒரு பயம் எழுந்தது. அது பயம் மட்டும்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"தெரியலங்க," என்றாள். "இருந்துட்டுப் போறேனே."

பகலில் படுத்துப் பழக்கமில்லாத உடம்பு பாயில் சாய்ந்தது. வெளியே மல்லாட்டைக் கொல்லையில் யாரோ காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் வரவரத் தேய்ந்தது. செவ்வந்தி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது, அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.