முதுகுக்குப் பின்னால் ஓர் ஆட்டம்

2008 கோடையில் எந்த வீட்டு டிவியைப் பார்த்தாலும் இருபது ஓவர் கிரிக்கெட்தான். கனகசெட்டிக்குளத்தில் எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள்; அன்புசெல்வி மட்டும் எல்லைக்கோட்டு ஓரம் குஞ்சம் ஆட்டுகிற பெண்களைப் பார்த்தாள். பந்து கோட்டைத் தாண்டினால் கொஞ்ச நேரம் காட்டுவார்கள், அப்புறம் ஆளைக் காணோம். மிச்ச நேரமெல்லாம் என்ன செய்வார்கள்? உட்காருவார்களா, நின்றுகொண்டே இருப்பார்களா? கேட்டால் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

டவுன் பள்ளிக்கூடம் திறந்து அவள் பிளஸ் ஒன்னுக்குப் போன கொஞ்ச நாளில், பி.டி. மிஸ் நிர்மலா பிரேயரில் அறிவித்தார். "கபடி டோர்னமென்ட் நம்ம கிரவுண்டுலதான். நம்ம டீமுக்கு ஒரு சியர் டீம் எடுக்கப் போறோம். இஷ்டப்பட்டவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க."

அம்மா தில்லையம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"ஆடுறவங்களுக்குக் கப்பு குடுப்பாங்க. கத்துறவங்களுக்கு என்னாடி குடுப்பாங்க?"

"தெரியலம்மா. போய்ப் பாத்தாதான தெரியும்."

மறுநாள் அம்மா மார்க்கெட்டிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகக் கிழிந்த கேரி பேக்குகளைச் சுருட்டி எடுத்து வந்தாள். அன்புசெல்வி அதை நாராக நறுக்கிக் கட்டிக் குஞ்சம் செய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் ஏகப்பட்ட பேர். என்ன செய்ய வேண்டும் என்று மிஸ்ஸுக்கே சரியாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து டான்ஸ் கற்ற, டவுனிலேயே இருக்கிற சிவசங்கரிதான் ஸ்டெப் சொல்லிக் கொடுத்தாள். வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ரெண்டு, குஞ்சத்தைத் தூக்கி ஒரு குதி. மற்ற பெண்கள் மைதானத்து ஓரப் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து நின்றுதான் ஆட வேண்டும். பின்னால் கபடி டீம் விளையாடிக்கொண்டிருந்தது.

அன்புசெல்வி கையைத் தூக்கினாள்.

"மிஸ், முதுகைக் காட்டிக்கினு நின்னா, எப்பக் குதிக்கணும்னு எப்டித் தெரியும்?"

மிஸ் படிக்கட்டைப் பார்த்தார், ஆடுகளத்தைப் பார்த்தார். "அட, ஆமாம்ல. எனக்கும் தெரியலியே."

முதல் வரிசை ஆடத் தொடங்கியது. கபடி டீமின் கொளஞ்சி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். படிக்கட்டில் சத்தம் எழும்ப, வரிசையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்து ஒருத்தி மேல் ஒருத்தி மோதினார்கள். சிவசங்கரி திரும்பவில்லை, தாளமும் பிசகவில்லை. ஆனால் அவள் குஞ்சத்தைத் தூக்கிக் குதித்த நேரம், கொளஞ்சியை ஐந்து பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"நான் மாட்டுனதுக்கா குதிக்கிறீங்க?" என்று மண்ணில் கிடந்தபடியே கொளஞ்சி கத்தினாள். மைதானமே சிரித்தது.

அடுத்த வரிசையில் அன்புசெல்வி. திரும்ப வேண்டும் போல் கழுத்து துடித்தது. அடக்கிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தாள். அங்கே எல்லாருடைய கண்ணும் ஒன்றுபோல இடமிருந்து வலம் நகர்ந்தது. ஒருத்தி பல்லைக் கடித்தாள். ஒருத்தி பக்கத்திலிருந்தவள் தொடையைப் பிடித்தாள்.

"போறா... தொட்டுட்டா... திரும்புறா... இப்ப!" என்று சொல்லிக் குஞ்சத்தைத் தூக்கினாள். அதே நொடி படிக்கட்டு முழுக்க ஓவென்று எழுந்தது. கால் மட்டும் வலதுக்குப் பதில் இடதுக்குப் போய், பக்கத்துப் பெண்ணின் பாதத்தை மிதித்துவிட்டது.

"திரும்பிப் பாத்தியா?" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ்."

"அவ திரும்பல மிஸ். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள் சிவசங்கரி.

மிஸ்ஸுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. கொளஞ்சியிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். பிறகு விசில் ஊதினார். அன்புசெல்வி முகங்களைப் பார்த்தாள். யாருக்கும் பதற்றமில்லை. உதட்டில் சிரிப்பு. ஓரத்தில் ஒரு பெண் தன்னை அறியாமல் தன் பின்னலைத் தடவினாள்.

"ஆடல... சும்மா நிக்கிறா. தலை முடியறாளா?"

கோட்டில் நின்று கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்த கொளஞ்சி அப்படியே வாயைப் பிளந்தாள்.

அன்புசெல்வியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டெப்புக்கு சிவசங்கரி, நேரம் சொல்ல இவள். இடதும் வலதும் பிசகாமல் வரும்வரை சிவசங்கரி அவளை பஸ் ஸ்டாப்பில்கூட விடவில்லை.

டோர்னமென்டில் முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். அரையிறுதியில் ஒரு பாயின்ட் பின்தங்கி, கடைசி ரெய்டுக்குக் கொளஞ்சி போனாள். அன்புசெல்வி முகங்களைப் படித்தாள். விசில் ஊதும் முன்பே அவை ஒவ்வொன்றாக வாடின. இப்போது என்ன செய்வது? இதற்கு யாரும் ஸ்டெப் சொல்லித்தரவில்லை. சிவசங்கரிகூடக் கையைத் தொங்கப் போட்டுவிட்டாள். வாடிய அத்தனை முகமும் தன்னையே பார்ப்பது போலிருந்தது அன்புசெல்விக்கு. குஞ்சத்தைத் தூக்கி, "கொளஞ்சி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். படிக்கட்டு ஒரு நொடி திகைத்தது. பிறகு அதுவும் கத்தியது. தோற்ற டீம் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை அந்தப் பேர் ஓயவில்லை.

சாயங்காலம் முட்டியெல்லாம் மண்ணோடு கொளஞ்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசி ரெய்டு எப்டிடி இருந்துச்சு?"

"நான் எங்கடி பாத்தேன்? நீதான் சொல்லணும்."

கொளஞ்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எப்படிப் போனாள், எங்கே கால் மாட்டியது என்று மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அந்தந்த நேரம் படிக்கட்டில் யார் முகம் எப்படிப் போனது என்று அன்புசெல்வி நடித்துக் காட்டினாள். பேச்சுச் சுவாரசியத்தில் அன்புசெல்வியின் ஊர் பஸ் போனதை இருவருமே கவனிக்கவில்லை.